ஒன்பதாம் பக்கத்தில் வெட்டிய வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது எனக்குத் தானாகத் தோன்றிய கதை அல்ல. பதினாறு பக்கக் கையேடு ஒன்றில் இடம் போதவில்லை என்று நான் வெட்டிப்போட்ட ஒரு வரியிலிருந்து வந்தது. வெட்டினோம், முடிந்தது என்று நினைத்தேன். அது கால்வாய்க் கரைக்குப் போய் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டது.

கையேட்டின் பெயர் 'சினை ஆடுகள்: அவசரத்தில் என்ன செய்வது?'. ஆடு வளர்ப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பதற்காக ஒரு தொண்டு நிறுவனம் அச்சிடுகிறது. விஷயமெல்லாம் கால்நடை மருத்துவர் அஃப்சருன்னிசாவுடையது. அவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த குறிப்புகளைப் படிக்கிற மாதிரி தமிழில் எழுதித் தருவது என் வேலை. நான் அபிராமபுரத்தில் இரண்டாவது மாடியில் குடியிருப்பவன். தட்டில் வந்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஆட்டை வாழ்நாளில் தொட்டதில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பியூட்டி பார்லர் இருக்கிறது. அங்கே பெருக்கித் துடைப்பது, துண்டு துவைப்பது, நகப்பூச்சு அழித்த பஞ்சுகளை வாரிக் கொட்டுவது, அந்தக் கிண்ணங்களைக் கழுவுவது எல்லாம் பொன்மணியின் வேலை. பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலிருந்து நடந்து வருவாள். அவளிடம் ஒரு சினை ஆடு இருந்தது. அச்சுக்குப் போவதற்கு முன்னால் நிஜமாகவே ஆடு வளர்க்கிற ஒருவர் பார்க்கட்டுமே என்று, பெரிய மனது பண்ணி, மாதிரிப் பிரதி ஒன்றை அவளிடம் கொடுத்தேன். பொன்மணி அதை அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டாள்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். அடித்ததை அடித்தபடியே விட்டுவைக்கிறேன்.

"அறுபத்துமூவர் வீதி வலம் வந்த அன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் எள் விழ" — வேண்டாம். திருவிழாவை எழுத ஆரம்பித்தால் நாலு பக்கம் போய்விடும். அதுவரை ஆடு காத்துக்கொண்டிருக்காது.

"பொன்மணிக்கு அந்த ஆடு என்றால் உயிர்" — இதுவும் வேண்டாம். உண்மைதான். ஆனால் எல்லா ஆட்டுக் கதையிலும் இந்த வரி இருக்கிறது.

"ஆடு தனியாக நின்றது."

இதை வைத்துக்கொள்கிறேன். டாக்டரின் குறிப்பில் முதல் வரியே இதுதான். ஆபத்தில் இருக்கிற சினை ஆடு பெரும்பாலும் கத்தி ஊரைக் கூட்டாது. மற்ற ஆடுகளை விட்டு விலகி நிற்கும். வைத்த தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கவனிக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற சங்கதி. கையேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு ஆடு சிரிக்கிற மாதிரி படம் போட்டிருக்கிறோம். ஓவியருக்கு வேறு மாதிரி ஆடு வரையத் தெரியவில்லை.

3

ஆட்டின் பெயர் மேடம்.

"பார்லர்ல வந்து குந்துற மேடமுங்க இல்ல சார், அவுங்க மாதிரியே மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு நிக்கும்" என்று பொன்மணி எனக்கு விளக்கியிருந்தாள். கறுப்பு ஆடு, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஈனுவதற்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருந்தது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி, வாசலில் நுழையும்போது ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டு நுழையும்.

திங்கட்கிழமை அறுபத்துமூவர். அன்றைக்கு மாட வீதியைச் சுற்றி, சந்துக்குச் சந்து பந்தல். சர்க்கரைப் பொங்கல், புளிசாதம், மோர், பானகம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் பாதி தின்று போட்ட தொன்னைகள் கிடக்கும். கால்வாய் ஓரத்து ஆடுகளுக்கும் அன்றுதான் திருவிழா. பொன்மணி மட்டும் மேடத்தைத் தண்ணீர்த் தொட்டிக் காலில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் செம்பி என்று ஒரு ஆடு வைத்திருந்தாள். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்தது. வீட்டுக்கு வந்தும் கேட்டது. பசிக்கிறதாக்கும் என்று இவள் இன்னும் ஒரு கிண்ணம் கஞ்சி வைத்தாள். இடது பக்கம் மாவு மூட்டை மாதிரி இறுகி, புளித்த நாற்றத்தோடு கழிந்து, மறுநாள் மத்தியானம் செம்பி செத்துப்போனது. அந்த ஒரு கிண்ணம் கஞ்சியைப் பொன்மணி இன்னும் மறக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது கயிறு அறுந்து கிடந்தது. மேடம் வாசலில் நின்றது, வாயில் ஒரு தொன்னையோடு. எவ்வளவு தின்றது? யாருக்கும் தெரியாது. 

செவ்வாய் காலை ஆறரை மணிக்கு மற்ற ஆடுகள் கரையோரமாகக் கிளம்பின. மேடம் சுவரோரம் தனியாக நின்றது. பூவரசங் கிளையை நீட்டினாள், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அடுத்த வீட்டு ஜானகி பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்தாள். "பொங்கலத் துன்னுட்டு உப்பிக்கினு கீதுமே. ரெண்டு நாளைக்கு ஒண்ணியும் காட்டாத. தானா எறங்கிடும்."

"புள்ளத்தாச்சிமே அது."

"அதுக்கோசரந்தான் சொல்றேன். வயித்துல எடம் எங்க கீது?"

பொன்மணி வீட்டுக்குள் போய்க் கையேட்டை எடுத்தாள். ஆறாம் பக்கத்தில் என் தமிழில் அச்சாகியிருந்தது: 'அரிசிச்சோறு அதிகம் தின்று வயிறு உப்பிய ஆட்டுக்குத் தீவனத்தை உடனே நிறுத்துங்கள்.' ஜானகி சொன்னதும் அச்சில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் அப்புறம் என்ன சந்தேகம்? மேடத்தை உள்ளே கட்டினாள். கிளையை எடுத்து வெளியே போட்டாள்.*

(* ஒன்பதாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய வரி: 'சினையின் கடைசி ஆறு வாரத்தில் எந்தக் காரணத்துக்காகவும் ஆட்டைப் பட்டினி போடாதீர்கள்.' அந்தப் பக்கம் இரண்டு வரி கூடியிருந்தது. படத்தைச் சின்னதாக்கினால் பார்வைக்கு நன்றாக இருக்காது. சினை ஆட்டை யாராவது பட்டினி போடுவார்களா, இது ஊருக்கே தெரிந்ததுதானே என்று நினைத்து எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டு ஒரு காபி குடித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.)

4

இங்கே நான் எழுதிய பொன்மணியின்மேல் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் வரைவில் அவளை விவரம் தெரியாதவளாக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் கதை சுலபமாக நடக்கும், என் பங்கும் குறையும். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. வீட்டில் இருந்த நேரமெல்லாம் மணிக்கொரு தரம் மேடத்தின் இடது பக்கத்தை அழுத்திப் பார்த்தாள். செம்பிக்கு இறுகியதுபோல் இறுகவில்லை. புழுக்கையைப் பார்த்தாள். கழிச்சல் இல்லை, நாலைந்து காய்ந்த உருண்டைகள்தான். இரண்டும் ஆறாம் பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அவளுக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் கிளையை மறுபடி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தக் கஞ்சிக் கிண்ணம் நினைவுக்கு வந்தது. செம்பிக்குச் செய்யத் தவறியதையெல்லாம் மேடத்துக்குச் சரியாகச் செய்துகொண்டிருந்தாள். நோய்தான் வேறு.

நடந்தது இதுதான் என்று டாக்டர் பிற்பாடு எனக்குச் சொன்னார். வயிற்றில் இரண்டு மூன்று குட்டி இருந்தால், கடைசி வாரங்களில் அவை தாயின் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வயிற்றில் இரைக்கு இடமும் இருக்காது. தாய் ஒரு நாள் தின்னாமல் நின்றால்கூடத் தன் உடம்புக் கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். கரைகிற கொழுப்பிலிருந்து வருகிற விஷம் ரத்தத்தில் ஏறும், மூளைக்கும் போகும். அந்த விஷத்துக்கு ஒரு வாடை உண்டு. இனிப்பும் காரமுமாக, நகப்பூச்சு அழிக்கிற மருந்தின் வாடை.

அந்த வாடையைப் பற்றிய வரியை நான் வெட்டவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் அப்படியே இருந்தது. பொன்மணியும் படித்திருந்தாள். "இன்னா சார், ஆடு பார்லருக்குப் போய்ட்டு வருமா?" என்று மாடிப்படியில் என்னிடம் சிரித்ததுகூட உண்டு.

செவ்வாய் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் மேடத்தின் முகத்தைக் கையில் ஏந்தினாள். அந்த வாடை வந்தது. தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். அதே வாடை. தினமும் சாயங்காலம் அவள் கையில் வருகிற வாடைதான் அது. சோற்றைப் பிசைந்தால் சோற்றில் வரும், தலை பின்னினால் முடியில் வரும். "ச்சீ, இந்த மருந்து நாத்தம் ஆட்டுக்குப் புடிக்கல போல கீது" என்று சொல்லிக்கொண்டு துணி சோப்பைப் போட்டுக் கையைக் கழுவினாள்.

5

[இந்தப் பகுதி முதல் இரண்டு வரைவுகளில் இல்லை.]

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பி இறங்கிக்கொண்டிருந்தேன். பொன்மணி படியில் காத்திருந்தாள்.

"சார், ஒரு டவுட்டு. பொங்கலத் துன்னுச்சின்னு நேத்துலேர்ந்து ஆட்டுக்கு ஒண்ணியும் காட்டல. ஆடு பல்ல நறநறன்னு கடிச்சிக்கினே கீது. காலு லேசா வீங்குனாப்புல கீது. பொஸ்தகத்துல அத்தப் பத்தி இன்னா போட்டுக்கீற?"

பல் கடிப்பதும் கால் வீங்குவதும் ஒன்பதாம் பக்கம். எழுதியவன் நான். என் பையில் அந்தப் பிரதி இருந்தது. எனக்கு ஆட்டோ வந்துவிட்டது.

"வயித்து வலியா இருக்கும் பொன்மணி. பொங்கல் சாப்பிட்டதுன்னு சொன்னியே, அதான். ஆறாம் பக்கம் பாரு" என்றேன்.

"பாத்தேன் சார்."

"அப்போ சரியாத்தானே பண்ற."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். நிம்மதியாகத் தலையாட்டினாள் என்பதுதான் உண்மை. என்னை நம்பிவிட்டாள்.

6

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்து, குளித்து, துணி துவைத்துப் போட்டாள். மேடம் படுத்தே இருந்தது. எழுப்பினால் நாலு அடி தள்ளாடி நடந்து சுவரில் முட்டி, முட்டியபடியே நின்று, மறுபடி மடங்கியது. கண் திறந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினாள், இமை அசையவில்லை. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, வானத்தைத் தேடுகிற மாதிரி மேலே பார்த்தது.

பொன்மணி பக்கத்தில் உட்கார்ந்து அதன் வாயைத் துடைத்தாள். அந்த வாடை வந்தது.

பழக்கத்தில் விரல்களை முகர்ந்தாள். சோப்பு வாசம்தான் வந்தது. உள்ளங்கையை முகர்ந்தாள், முந்தானையை முகர்ந்தாள், பின்னலை எடுத்து முகர்ந்தாள். எங்கேயும் இல்லை. குனிந்து மேடத்தின் மூக்கருகே மூக்கை வைத்தாள்.

வாடை ஆட்டின் மூச்சில் இருந்தது. இரண்டு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது.

மணி பதினொன்று இருபது. என் கைப்பேசியில் அந்த நேரம் பதிவாகியிருக்கிறது.

"சார், அந்த வாட ஆட்டு வாய்லேர்ந்து வருது சார். நான் என் கையின்னு நெனச்சேன். என் கையி இல்ல சார்..." என்றாள்.

டாக்டரையும் அதே அழைப்பில் சேர்த்தேன். அஃப்சருன்னிசா பதறவில்லை.

"எத்தனை மாசம்மா?"

"நாலு முடிஞ்சி ரெண்டு வாரம் ஆவுது டாக்டர்."

"தொண்டையைத் தடவிப் பாருங்க. முழுங்குதா?"

"நாக்க அசைக்கிது... முழுங்குது டாக்டர், முழுங்குது."

"அப்போ வெல்லத்தைத் தண்ணியில கரைச்சு, கடைவாயில கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. தலையை அண்ணாத்த வேண்டாம். முழுங்கறதை நிறுத்திட்டா ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது, நுரையீரலுக்குப் போயிடும். உடனே வண்டியில ஏத்துங்க. சாய்ச்சுப் படுக்க வெக்காதீங்க, நெஞ்சு கீழ இருக்கற மாதிரி உக்கார வையுங்க. வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க, நான் சொல்லி வெக்கறேன். எத்தனை நாளா தின்னலை?"

நான் சொன்னேன். "ரெண்டு நாளா பட்டினி போட்டிருக்காங்க டாக்டர். பொங்கல் தின்னுதுன்னு."



"பட்டினி போடக் கூடாதுன்னு நான் எழுதியிருந்தேனே சார்."

"இடம் போதலை டாக்டர்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்னவற்றிலேயே கேவலமான வாக்கியம் அதுதான். பொன்மணியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

7

நான் கால்வாய்க் கரைக்கு ஓடிப் போனபோது லாரன்ஸின் ஆட்டோ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. லாரன்ஸ் அந்தப் பகுதிக்காரர். பதற்றம் வந்தால் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்.

"எத்தினியோ பிரசவ கேஸு ஏத்திக்கீறேன் நைனா. தாடி வச்ச கேஸு இதான் பஸ்ட்டு" என்று சொல்லிக்கொண்டே மேடத்தின் பின்னங்கால்களைத் தூக்கினார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

ஜானகி ஒரு சொம்பில் வெல்லத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அழுதுகொண்டிருந்தாள். "நான்தான்மே சொன்னேன். என் வாய்ல மண்ணு வுழ."

"நீ சொன்ன. அவுரு எழுதுனாரு. செஞ்சது நானு" என்றாள் பொன்மணி. "சொம்ப ஆட்டாம குடு."

ஆட்டோவின் தரையில் பழைய புடவையை விரித்து, மேடத்தை நெஞ்சு ஊன்றி உட்காரவைத்தோம். பொன்மணி அதன் கழுத்தைத் தன் முழங்காலில் அணைத்துக்கொண்டு தரையிலேயே குந்தினாள். நான் லாரன்ஸுக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். ஒரு கரண்டி வெல்லத் தண்ணீர். தொண்டை அசைகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பாள். அசைந்த பிறகு இன்னொரு கரண்டி. லஸ் தாண்டியதும் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் வண்டிகள் அசையாமல் நின்றன. லாரன்ஸ் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. முன்னால் நின்ற கார்க்காரர் திரும்பி முறைத்தார். லாரன்ஸ் எட்டிப் பார்த்து, "உள்ள புள்ளத்தாச்சி சார்!" என்று கத்தினார். கார் ஒதுங்கியது.

ராயப்பேட்டையில் நாங்கள் திரும்பும்போது பொன்மணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாச்சி?" என்றார் லாரன்ஸ்.

"முழுங்கல" என்றாள். "நீ ஓட்டு."

இரண்டு கையாலும் மேடத்தின் முகத்தை ஏந்திக்கொண்டாள். வயிற்றில் ஒரு குட்டி உதைத்ததை நான் பார்த்தேன். கறுப்புத் தோல் ஒரு இடத்தில் எழும்பி அடங்கியது.

8

முடிவுகளும் மூன்று எழுதினேன்.

(அ) ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகச் சர்க்கரை ஏற்றி, வயிற்றைக் கிழித்து மூன்று குட்டிகளையும் எடுக்கிறார்கள். மேடம் இரண்டாம் நாள் எழுந்து நின்று எல்லாரையும் ஏளனமாகப் பார்க்கிறது.

(ஆ) குட்டிகளில் ஒன்று மட்டும் பிழைக்கிறது. பொன்மணி அதற்குப் புட்டியில் பால் கொடுக்கிறாள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று

(இ) வேப்பேரி வாசலில் ஆட்டோ நிற்கிறது. லாரன்ஸ் திரும்பிப் பார்க்கிறார். பொன்மணி இறங்கவில்லை.

இவற்றில் ஒன்று நடந்தது. பத்து நாள் கழித்து மூன்றையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவள் பார்லர் வாசலில் துண்டுகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதமாட்டேன். முகத்தை வைத்து நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். காகிதங்களை வாங்கி, நின்றுகொண்டே, மூன்றையும் படித்தாள். அந்தக் கையில் அந்த வாடை வந்தது.

"மூணும் வாணாம் சார்" என்றாள்.

"நடந்ததையாவது எழுதலாமே."

"எழுதாத. செத்துப்போச்சின்னு எழுதுனா, இது நம்ம கையில இல்லன்னு வுட்டுடுவாங்க. பொழைச்சிக்கிச்சின்னு எழுதுனா, மூணாம் நாளு தூக்கினு போனாகூட பொழைக்கும்னு என்ன மாதிரி குந்திக்கினு இருப்பாங்க. ரெண்டும் தப்பு சார்."

"கதைன்னா ஒரு முடிவு வேணும் பொன்மணி. படிக்கறவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும். நான் கேட்டப்ப நீ இன்னா சொன்ன? ஆறாம் பக்கம் பாருன்ன." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு துண்டை உதறிக் கொடியில் போட்டாள். "பொஸ்தகத்துல அந்த வரிய போட்டியா?"

போட்டுவிட்டேன் என்றேன். சிரிக்கிற ஆட்டின் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, அந்த வரியை ஒன்பதாம் பக்கத்திலும் போட்டேன், ஆறாம் பக்கத்திலும் போட்டேன்.

"அப்ப சரி. கதையில கடைசிய வுட்டுடு. மொதல்ல இன்னா ஆச்சோ, அத்த மட்டும் இன்னொரு வாட்டி எழுது."

9

அதனால் முடிவை உங்கள் கையில் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. நான் எத்தனை தடவை எழுதினாலும் ராயப்பேட்டைத் திருப்பத்துக்கு அப்புறம் எதையும் மாற்ற முடியவில்லை. புதன்கிழமைப் படிக்கட்டையும் மாற்ற முடியவில்லை. அது என்னுடையது, என்னிடமே இருக்கட்டும்.

பொன்மணி கேட்டபடி தொடக்கத்தை இன்னொரு முறை எழுதி உங்களிடம் தருகிறேன். உங்கள் தெருவிலும் ஆடு இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணி. நேற்றுப் போட்ட பந்தல்களை மாட வீதியில் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற ஆடுகள் கரையோரமாகக் கிளம்பிவிட்டன. மேடம் மட்டும் சுவரோரம் தனியாக நிற்கிறது. நீட்டிய கிளையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இடது பக்கத்தை அழுத்தினால் இறுகவில்லை. ஜானகி பல் துலக்கிக்கொண்டே வந்து ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். அதற்குள் பொன்மணி